நாள் குறித்து வரும் மறுதொடக்கம்

பராமரிப்புக்காக உங்கள் சர்வர் இன்ன தேதியில் மறுதொடக்கம் செய்யப்படும் என்று, இணையவழியே சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுட் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தால், முன்பெல்லாம் அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு விழித்திருப்பதோடு என் கடமை முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். இப்போது, அறிவிப்பு வந்த ஓரிரு நாட்களுக்குள், பயனர்கள் குறைவாக இருக்கும் வேளையில் நானே ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிடுகிறேன்.

ஓராண்டுக்கும் மேலாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வர்தான் இதைக் கற்றுக்கொடுத்தது. குறித்த நேரத்தில் அணைந்த அது திரும்ப எழவில்லை. எப்போதோ நான் கழற்றிவிட்ட வட்டு ஒன்றுக்கான வரி தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே கிடந்ததால், இல்லாத வட்டுக்காக 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம், பழுதுபார்ப்பதற்கான அவசர நிலைக்குப் போய்விட்டது. தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய முடியவில்லை. அந்த வரியில் ‘நோஃபெயில்’ (வட்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் தொடர்க) என்று சேர்த்திருந்தால் அந்த இரவு எனக்கு மிஞ்சியிருக்கும். நிறுவனம் தரும் நேரடித் திரையான கன்சோல் வழியே அதைச் சரிசெய்து முடித்த பிறகும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அப்போதைக்குத் தொடங்கும் ‘ஸ்டார்ட்’ மட்டும் கொடுத்து, ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் தானே தொடங்க வைக்கும் ‘எனேபிள்’ கொடுக்க மறந்த ஒரு சேவை ஓடாமலே இருந்ததை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். இரண்டும் என் பிழைகள். மறுதொடக்கம் அவற்றை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

முன்கூட்டியே செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. பல மாதங்களாக நிறுவப்பட்டுக் காத்திருக்கும் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அடுத்த மறுதொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வரும். நிறுவனம் செய்யும் பராமரிப்பும் இந்தக் கெர்னல் மாற்றமும் ஒரே நிமிடத்தில் நேர்ந்தால், கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

ஆனால் இந்த ஒத்திகையால் நிறுவனம் குறித்த நாள் ரத்தாகிவிடும் என்று எண்ணக் கூடாது. அமேசானின் வாடகை சர்வர் சேவையான இசி2-வில் இயங்குதளத்தை மறுதொடக்கம் செய்தால், பௌதிக இயந்திரம் ஒன்றுக்குள் மெய்நிகர் கணினியாக ஓடும் நம் சர்வர் பெரும்பாலும் அதே பௌதிக இயந்திரத்திலேயே இருக்கும். பராமரிப்பு அந்த இயந்திரத்துக்கு உரியது என்றால், சர்வரை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பொதுவாக வேறு இயந்திரத்துக்கு மாறும். அப்படி நிறுத்தும்போது அந்த இயந்திரத்தோடு சேர்ந்த தற்காலிக வட்டான இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் உள்ள தரவு அழிந்துவிடும். எலாஸ்டிக் ஐபி எனும் நிலையான முகவரியை வாங்கியிராவிட்டால் பொது ஐபி முகவரியும் மாறிவிடும். தரவு எந்த வட்டில் இருக்கிறது என்று பார்க்காமல் நிறுத்தும் பொத்தானைத் தொடவே கூடாது.

கூகுள் கிளவுட் பெரும்பாலான சர்வர்களை ஓடும்போதே வேறு இயந்திரத்துக்கு நகர்த்திவிடுகிறது. ஜிபியு (வரைகலைச் செயலி) இணைத்தவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில், சர்வருக்குள்ளிருந்தே 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டால் வரவிருக்கும் நிகழ்வு தெரியும். மறுதொடக்கத்துக்குக் குறைந்தது 15 நிமிட அவகாசம் கிடைக்கும். அதைத் தொடர்ந்து கவனிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று, பயனர்களின் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சரிலிருந்து சர்வரை விலக்கி, தரவுத்தளத்தை முறையாக நிறுத்த அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.

எப்போதும் தள்ளிப்போட வாய்ப்புக் கிடைக்கும் என்றும் இல்லை. 2014 செப்டம்பரில் ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சர்வர்களை இயக்கும் மென்பொருளான ஜென் ஹைப்பர்வைசரில் இருந்த பாதுகாப்புக் குறையை, அது வெளியே தெரிவதற்கு முன்பே அடைப்பதற்காக அமேசானும் ராக்ஸ்பேஸ் என்ற மற்றொரு கிளவுட் நிறுவனமும் ஏராளமான சர்வர்களை அவசரமாக மறுதொடக்கம் செய்தன. அத்தகைய வேளைகளில் ஒத்திகைக்குச் சில நாட்களே கிடைக்கும் என்பதால், அறிவிப்பு ஏதும் வராவிட்டாலும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் நானே அணைத்து எழுப்பிவிடுகிறேன்.