மாசிக் கணக்கு

பெப்ரவரி 3, 2025, திங்கள்

முன்பள்ளி ஆசிரியர்களைப் பழக்கிற எங்கட நிலையத்துக்கு வெளிநாட்டு உதவித் தாபனம் தரவேண்டிய மூன்றாம் தவணைப் பணம் வராது. 90 நாள் நிறுத்திவைப்பு என்று மடலில் இருக்கு. அந்த 90 நாளும் விடுதியில் பயிற்சிக்கு வந்த 31 பிள்ளைகள் சாப்பிட வேணும்.

பெப்ரவரி 4

சுதந்திர தின விடுமுறை. கணக்குக் கொப்பியோடு இருந்தேன். மின்சாரம், அச்சு, பயணம், எல்லாத்தையும் பென்சிலால் வெட்டி வெட்டிப் பார்த்தாச்சு. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு, சேமலாப நிதியில் வந்து கை நிற்குது. சம்பளத்தில் ஊழியரின் 8 வீதம், எங்களின் 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு எங்களின் 3. ஜனவரிக்குரியதை இந்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேணும். 8 வீதத்தைச் சம்பளத்தில் கழித்தாச்சு. அது அவர்களின் காசு. அதைத் தொட்டு அரிசி வாங்க மாட்டேன்.

பெப்ரவரி 6

கதிரைகளின் முதுகில் தாபனத்தின் ஸ்டிக்கர். "மிஸ், இதுகளையும் கொண்டுபோயிடுவினமா?" என்று ஒரு பிள்ளை கேட்டுது. இல்லை என்றேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரவு 8.30, ரொறன்ரோவில் காலை 10. பழைய மாணவிகள் எட்டுப் பேர் சூமில். நல்ல பிள்ளைகள், இரண்டு பேர் அழுதவை. ஆனால் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "என்ன கட்டித் தரலாம் மிஸ்?" மண்டபம் என்றால் சேர்க்கலாமாம், பெயர்ப்பலகை போடலாமாம். அரிசியில் பெயர் எழுத ஏலாதுதானே. விரிவுரையாளரின் சம்பளத்துக்கு நாடா வெட்ட ஏலாது. சின்னப் பிள்ளைகளின் கல்விக்கு முறை வகுத்த மொண்டிசோரி அம்மையார் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பழக்கினவ. உலகப் போர் மூண்டு 1946 மட்டும் திரும்பிப் போக ஏலேல்ல. முதலில் வேண்டியது பழக்க ஆளும் பழக ஆட்களும்தான். கட்டடம் பிறகு. இதைச் சொல்ல வாய் எடுக்க, இணைப்பு அறுந்திட்டுது.

பெப்ரவரி 12

பௌர்ணமி. நித்திரை இல்லை. 8, 12, 3.

பெப்ரவரி 14

விடுதியை மூடினால் பாதிச் செலவு குறையும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார். மூதூர்ப் பிள்ளைகள் வந்துபோவினம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்து, மற்றப் பாலங்களும் வந்தபிறகு, ஆற்றைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்துநிற்கிற காலம் போச்சு. ஆனால் தூரத்து வெருகல் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பும்? கோபத்தில் குரல் உயர்ந்திட்டுது. பயிற்சி முடிய ஆறு மாதம்தான் மிச்சம், பாதியில் அனுப்ப மாட்டேன்.

வெளியே வர, செய்முறை வகுப்பு. அந்த வெருகல் பிள்ளை சோடா மூடிகளில் ஓட்டை போட்டு நூலில் கோத்து வைத்திருந்தது. நாலு வயதுச் சின்னன் ஒன்று ஆறு மட்டும் எண்ணி, ஏழில் திகைச்சு நின்றான். அவள் சொல்லிக் கொடுக்கேல்ல. மூடியில் விரலை வைத்தபடி பொறுத்திருந்தாள். கன நேரம். அவனாகவே "ஏழு" என்றான்.

இதைப் பழக்க எங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது.

பெப்ரவரி 17

உதவி கேட்டு முன்மொழிவு மூன்று அனுப்பியாச்சு.

பெப்ரவரி 20

வெருகல் பிள்ளையின்ர தாய் வந்தா. கைலேஞ்சியில் முடிந்த சங்கிலி. "ஈடு வையுங்கோ மிஸ், இப்ப பவுண் விலை கூட." தேத்தண்ணி குடுத்து, சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போட வைச்சுத்தான் அனுப்பினேன். என்ர காப்பு இரண்டும் நேற்றே போனது அவவுக்குத் தெரியத் தேவையில்லை.

பெப்ரவரி 26

சிவராத்திரி. கோணேசர் கோயில் பக்கம் சனம். நான் போகேல்ல.

பெப்ரவரி 28, வெள்ளி

சேமலாப நிதி கட்டியாச்சு. பற்றுச்சீட்டு லாச்சியில். அரிசி புதன் மட்டும் காணுமாம். சோடா மூடி இன்னும் வேணும் என்று பிள்ளைகள் கேட்குதுகள், சந்திக் கடையில் சொல்லி வைக்க வேணும்.