மூன்றாம் நம்பர் மெஷினும் ஏழரை டிகிரியும்

மார்ச் 3, 2025, திங்கள்

சனிக்கிழமை ராத்திரி வோல்டேஜ் எகிறியதில் எங்கள் சாயப்பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் மூன்றாம் நம்பர் சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் டெம்பரேச்சர் கண்ட்ரோலரும் ஸ்டீம் பிரஷர் மீட்டரும் போய்விட்டன. நான் ஊரில் இல்லை. எலக்ட்ரீஷியன் வேறு கம்பெனி புதுசு இரண்டை மாட்டி வைத்திருந்தார். இன்புட் டைப்பை, அதாவது எந்த வகைச் சென்சார் என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் செட்டிங்கைப் பார்த்தேன். எங்கள் சென்சார் பிடி 100, சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் ஏறும் பிளாட்டினம் சென்சார்; அதைச் சரியாகவே கொடுத்திருக்கிறார். தெர்மோகப்பிள் கே டைப் என்ற வேறு சென்சார் வகையிலேயே விட்டுவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மட்டும் நிம்மதி.

மதியம் டையிங் மாஸ்டர் வந்தார். "ஏனுங்க தம்பி, 130-ல முக்கா மணி நேரம் ஓட்டியும் கருநீலம் வெளிறிக் கெடக்குது. உங்க புது டப்பாவக் கொஞ்சம் பாருங்க."

பாலியஸ்டர் துணி, சூடு குறைந்தால் சாயம் உள்ளே ஏறாது. சூட்டை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் கணக்கான பிஐடியைக் கண்ட்ரோலர் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனைப் போடச் சொல்லி ஆபீசிலிருந்து போன். டிஸ்ப்ளே 130-ல் ஆடாமல் நிற்கிறது. பிஐடி என்ன பாவம் செய்தது? எங்கே கோளாறு என்றாலும் முதலில் பிஐடியில் கை வைப்பது எங்கள் தொழிலில் ஒரு வியாதி.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் லாட் ஏற்றுமுன் சென்சாரைக் கழற்றி வாளித் தண்ணீரில் போட்டேன். கண்ணாடித் தெர்மாமீட்டர் 29. டிஸ்ப்ளே 36.5. அப்படியென்றால் நேற்று 130 என்று காட்டியபோது உள்ளே 122, 123-தான் இருந்திருக்கும்.

பேனலில் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 114.2 ஓம். பிடி 100 சென்சார் 29 டிகிரியில் 111.3 ஓம் காட்ட வேண்டும். மீதி 2.9 ஓம் யாருடையது? ஒயருடையதுதான். மெஷினிலிருந்து பேனலுக்கு நாற்பது மீட்டர் மெல்லிய ஒயர், போக வர எண்பது. ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் என்பதால் 2.9 ஓம் ஏழரை டிகிரியாகிவிடுகிறது.

இந்த ஒயர் ரெசிஸ்டன்ஸைக் கண்ட்ரோலர் அளந்து கழிக்கத்தானே சென்சாரிலிருந்து மூன்றாவது ஒயர் இருக்கிறது? டெர்மினலைப் பார்த்தால் மூன்றாவது ஒயரே வரவில்லை. இரண்டு டெர்மினலை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருந்தார்கள். கம்பி பழசு, பச்சை பிடித்திருந்தது.

மார்ச் 5, புதன்

எனக்கு முன்னால் இங்கே இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். சிரித்தார். "அதுவா? கேபிள்ல ஒரு கோர, அந்த மூணாவது ஒயர, எலி கடிச்சுப்போட்டுது. துண்டுக் கம்பியில ஜம்பர் பண்ணிட்டு ஆஃப்செட்ல மைனஸ் 7.5 போட்டேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

ஆஃப்செட் என்பது டிஸ்ப்ளே காட்டும் எண்ணோடு கூட்டவோ கழிக்கவோ கொடுக்கும் திருத்தம். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அந்த எண் வேறெங்கும் எழுதப்படாமல் பழைய கண்ட்ரோலரோடு எரிந்துபோனது.

புதிதிலும் அதையே போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒயர் ஸ்டீம் குழாயை ஒட்டி ஓடுகிறது. செம்பு முப்பது டிகிரி சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் பன்னிரண்டு சதவீதம் கூடும்; டிஸ்ப்ளேயில் இன்னும் ஒரு டிகிரி ஏறும். காலையில் போட்ட ஆஃப்செட் மத்தியானத்துக்கு ஆகாது. புது மூன்று கோர் கேபிள் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஷட்டவுன். கேபிள் இழுத்தாகிவிட்டது. வாளி 28, டிஸ்ப்ளே 28.1. ஆஃப்செட் பூஜ்யம்.

கிளம்பும்போது பிரஷர் மீட்டர் கண்ணில் பட்டது: 2.0 பார். பாய்லர் நேற்றே அணைந்துவிட்டது, குழாய் கையில் குளிர்கிறது. பிரஷரை மின்னோட்டமாக்கி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 0 பாருக்கு 4, 10 பாருக்கு 20 மில்லியாம்ப் கொடுக்கும். மீட்டரில் இன்புட் 0-20 என்று இருந்தது. பிரஷரே இல்லாதபோது வரும் 4 மில்லியாம்பை அது இருபது சதவீதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மாற்றியதும் 0.0. ஒரு வாரமாக ஐந்து பாரை ஆறு பார் என்று எழுதி வைத்திருக்கிறோம். சரி, நல்லவேளை அதில் கண்ட்ரோல் எதுவும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

கருநீலம் ஷேட் ஏறிவிட்டது.

லாட் இறங்கிய பிறகு, மாஸ்டரை அருகில் நிறுத்தி ஸ்டீம் மெயின் வால்வை மூடிவிட்டு சென்சார் ஒயரைப் பிடுங்கினேன். டிஸ்ப்ளே அடிமட்டத்துக்குப் போனது, கண்ட்ரோல் வால்வு முழுசாகத் திறந்தது. "அய்யோ சாமி" என்றார். ஒயர் அறுந்ததைக் கண்ட்ரோலர் குளிர் என்று நினைத்துக்கொள்ளும் செட்டிங் அது. சென்சார் அறுந்தால் மேல் எல்லைக்குப் போகும்படி மாற்றி மறுபடி பிடுங்கினேன். வால்வு மூடிக்கொண்டது.

இன்புட் டைப், ரேஞ்ச், ஃபில்டர், ஆஃப்செட், சென்சார் அறுந்தால் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். மாஸ்டர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.