எக்ஸ் அச்சு அசைந்துவிட்டது!

மூன்று நாள்களாக அசையாமல் கிடந்த என் சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) இன்றிரவு ஓடிவிட்டது. ரங்கூனில் மணி பதினொன்று. மின்சாரம் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தவறு என்னுடையது. அம்மாவின் பூசையறைக் கதவுக்காகத் தேக்கில் மயில் செதுக்கிக்கொண்டிருந்தேன். கால் இடறி, வெட்டும் முனையை இடவலமாக நகர்த்தும் எக்ஸ் அச்சு மோட்டாரின் வயர் கழன்றது. பதற்றத்தில் மின்சாரத்தை நிறுத்தாமலே திரும்பச் செருகிவிட்டேன். அதைச் செய்யவே கூடாது. மின்னோட்டம் திடீரென அறுபடும்போது மோட்டாரின் சுருளில் எழும் மின்னழுத்தம், மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகையைக் கொன்றுவிடும்.

முதலில் மோட்டாரைத்தான் சந்தேகித்தேன். நான்கு வயர்களையும் மல்டிமீட்டரில் அளந்தேன். இரண்டு சுருள்களும் ஒரே ஓம் காட்டின, மோட்டாரில் பழுதில்லை. பிறகு எக்ஸ் டிரைவரையும், முன்பின்னாக நகர்த்தும் ஒய் அச்சின் டிரைவரையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். எக்ஸ் ஓடியது, ஒய் நின்றது. செத்தது எக்ஸின் பழைய டிரைவர்தான். அப்போது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது! தபால்தலை அளவுள்ள ஏ4988 என்ற டிரைவர் பலகை அது. சிப்பின் ஓரத்தில் கடுகளவு கருகல்.

புதியதை மாட்டியதும் அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி மின்னோட்ட அளவைச் சரிசெய்தேன். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அளவு கூடினால் மோட்டார் கொதிக்கும், குறைந்தால் படிப்படியாகச் சுழலும் மோட்டார் படி தவறும்.

தோகை பாதியில் நிற்கிறது. நாளை மின்சாரம் வந்ததும் தொடர்வேன், அம்மா.