நாய் இனம் கண்டுபிடிக்கும் விளையாட்டு: காது தெரியாமல் போன ஒரு மாதம்

ஒரு நாயின் படம் வரும், கீழே நான்கு பெயர்கள் இருக்கும், சரியான இனத்தைத் தொட வேண்டும். பத்துக் கேள்வி முடிந்ததும் மதிப்பெண். நான் செய்த விளையாட்டு இவ்வளவுதான். நிரல் எழுத ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை நாலு பேர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தி முடிக்க ஐந்து மாதம் பிடித்தது. அதில் ஒரு முழு மாதம் நான் எடுத்த தவறான முடிவால் வீணாகப் போனது. படம் காட்டிக் கேள்வி கேட்கும் விளையாட்டு எதையாவது செய்ய நினைப்பவர்களுக்கு அந்த மாதமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி படங்களில் விழுந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக்காரர்கள் 2011-ல் வெளியிட்ட நாய்ப் படத் தொகுப்பு ஒன்று உண்டு. 120 வகை, 20,580 படங்கள். கணினிக்கு நாய்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். நானும் மொத்தமாக இறக்கி, பெயர்களைத் தமிழில் மாற்றி, மூன்று வாரம் அதன் மேலேயே வேலை செய்தேன். அப்புறம்தான் உரிமை விவரத்தை உட்கார்ந்து படித்தேன். ஆராய்ச்சிக்காகத் தொகுத்த படங்கள் அவை. ஒவ்வொரு படத்தின் உரிமையும் அதை எடுத்தவரிடமே இருக்கிறது. பொதுவில் விடும் விளையாட்டில் அவற்றைப் போட எனக்கு உரிமை இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த 120-ல் செந்நாய், டிங்கோ, ஆப்பிரிக்கக் காட்டு நாய் மூன்றும் அடக்கம். செந்நாய் தனி விலங்கு, வளர்ப்பு நாயின் இனம் அல்ல. தனி விலங்கு வகை (species), வளர்ப்பு வகை (breed) இரண்டுக்குமே தமிழில் 'இனம்' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம், அதனால் பட்டியலைப் பார்க்கும்போது கண்ணில் உறுத்தவே இல்லை. மூன்று வார வேலையை அப்படியே தூக்கி வைத்தேன். உரிமை விவரத்தை முதல் நாளே படித்துவிடுங்கள்.

பிறகு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் தளமான விக்கிமீடியா காமன்ஸில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அங்கே பெரும்பாலான படங்களுக்கு எடுத்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். போட்டேன், படத்துக்குக் கீழேயே, தலைப்போடு சேர்த்து. தலைப்பில்தான் விடை இருக்கிறதே! 'தோட்டத்தில் பீகிள்' என்று கீழே எழுதிவிட்டு மேலே இது என்ன நாய் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சரிசெய்த பிறகு ஒருவர் படத்தை அழுத்திப் பிடித்தார். வந்த பெட்டியில் ஃபைல் பெயர் வந்தது, அதிலும் இனத்தின் பெயர். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்காக, படத்தை விளக்கி எழுதிய மாற்று விவரத்திலும் அதே கதை. இப்போது ஃபைல்களுக்கு வெறும் எண்தான் பெயர். மாற்று விவரத்தில் 'குட்டைக் கால், நிமிர்ந்த காது, வாலில்லை' என்று பார்வைக்குத் தெரிவது மட்டும் இருக்கும். எடுத்தவர் பெயர் விடை சொன்ன பிறகுதான் வரும்.

சோதனைக்குக் கொடுத்த முதல் வடிவத்தில் நான்கு பெயர்களே கிடையாது. விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். லாப்ரடார், லாப்ரடோர், லேப்ரடார், லேப் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள், என் நிரல் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஒரு பெரியவர் விஷயத்தில். ஜெர்மன் ஷெப்பர்ட் படத்தைப் பார்த்த உடனே, ஒரு நொடிகூட யோசிக்காமல் 'அல்சேஷன்' என்று அடித்தார். தவறு என்று வந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் அந்த நாய்க்கு ஜெர்மன் என்ற பெயரே வேண்டாம் என்று அல்சேஷன் ஆக்கினார்கள். பழைய பெயர் அங்கே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது 1977-ல். அவர் போனை மேசையில் வைத்துவிட்டார், திரும்ப எடுக்கவில்லை. தெரிந்த ஒருவரைத் தெரியாதவர் ஆக்கிவிட்டோமே என்று எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் தட்டச்சை எடுத்துவிட்டு நான்கு பட்டன்களைப் போட்டேன், மாற்றுப் பெயர் இருக்கும் இனங்களுக்கு இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதினேன்.

பட்டன் வந்ததும் விளையாட்டு மிக எளிதாகிவிட்டது. கிரேட் டேன் படத்துக்குக் கீழே சிவாவா, பூடில், பக் என்று வந்தால் யார்தான் தவறு செய்வார்கள்? அதனால் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும் இனங்களை ஜோடி சேர்த்தேன். சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமூட்டும். பெம்ப்ரோக் கோர்கியும் வால் நீண்ட கார்டிகன் கோர்கியும். விப்பெட்டும் இத்தாலியன் கிரேஹவுண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி நார்விச் டெரியரும் நார்ஃபோக் டெரியரும். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் 1964 வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தது. காது நிமிர்ந்திருந்தால் நார்விச், மடிந்து விழுந்தால் நார்ஃபோக். காதைப் பார்க்கத் தெரிந்தால் போதும், ஒரு வித்தியாசத்தைக் கற்றுக்கொண்ட சந்தோஷம் கிடைக்கும். விளையாட்டின் உயிரே அந்த ஜோடிகள்தான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கேதான் அந்த மாதம் போனது. லிங்கை இருபது பேருக்கு அனுப்பி, மதிப்பெண்ணை மட்டும் வாங்கிப் பார்த்தேன். இளையவர்கள் ஏழு, எட்டு எடுத்தார்கள். வயதில் பெரியவர்கள் மூன்று, நான்கில் நின்றார்கள், முக்கியமாக ஜோடிக் கேள்விகளில். 'பெரியவர்களுக்கு இந்த இனங்கள் பழக்கமில்லை' என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த வரியை நம்பி ஜோடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், எளிய கேள்விகளைத் திரும்பச் சேர்த்தேன், உதவிக் குறிப்பு வசதி ஒன்றைப் புதிதாகக் கட்டினேன். ஒரு மாதம். மதிப்பெண் கொஞ்சம்தான் ஏறியது, விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விளையாடுவதைப் பார்த்தேன். நாய்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர், வீட்டில் மூன்று வளர்த்தவர். அவருக்கும் மதிப்பெண் நான்குதான் வந்திருந்தது. நார்ஃபோக் படம் வந்தது. போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதுல காதே தெரியலையே. எதை வச்சுச் சொல்றது?"

எட்டிப் பார்த்தேன். படத்தில் கண்கள், மூக்கு, தாடி எல்லாம் இருந்தன. நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. அவர் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். எழுத்து பெரிதானதும் நான்கு பட்டன்களும் தடித்துத் திரையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த அகலமான, உயரம் குறைந்த இடத்தை நிரப்புவதற்காக என் நிரல் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருந்தது. மேலே காது போனது, கீழே கால் போனது. நீளவாக்குப் படங்களில் முழங்கால் தெரியவில்லை. ஹஸ்கியா மாலமூட்டா என்று உருவத்தின் பருமனைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் பாதி உடம்புதான் இருக்கிறது. பெரிய எழுத்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். அவர்களுக்கு நாய்கள் தெரியாமல் இல்லை, நான் விடையை வெட்டிவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, இதுக்குப் போய் ஏம்ப்பா" என்றார். எனக்கு லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரிசெய்தது இப்படி: படத்தை எந்தத் திரையிலும் வெட்டுவதில்லை, முழுதாகச் சுருங்கும். பெரிய எழுத்து வைத்தால் பட்டன்கள் கீழே உருண்டு போகட்டும், படம் மேலேயே நிற்கும். அதோடு ஒவ்வொரு கேள்விக்கும் 'எந்த அடையாளத்தைப் பார்த்து விடை சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி எழுதி, அந்த அடையாளம் படத்தில் தெரிகிறதா என்று என் கண்ணால் பார்த்தேன். மொத்தம் 260 படங்கள். 41 தேறவில்லை. கோர்கி உட்கார்ந்திருந்தால் வால் தெரியாது, அந்தப் படத்தை ஜோடிக் கேள்வியில் வைப்பது அநியாயம். இந்த வேலையை எந்த நிரலிடமும் விடாதீர்கள். சோதிக்கும்போது உங்கள் போனைக் கொடுக்காதீர்கள், அவர்கள் போனில் அவர்கள் அமைப்பிலேயே விளையாடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள், நினைப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விளையாடச் சொல்லுங்கள்.

சத்தமாகச் சொல்ல வைத்ததால்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஹஸ்கி கேள்விகளில் எல்லாரும் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று கேட்டால், "பின்னாடி பனி இருக்கே!" நாயை யாரும் பார்க்கவே இல்லை. 2016-ல் வந்த ஒரு ஆய்வில், ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி இருக்குமாறு கொடுத்துப் பழக்கிய கணினி நிரல், பனியைப் பார்த்தே ஓநாய் என்று சொன்னதைக் காட்டினார்கள். கணினி செய்ததை மனிதர்களும் செய்கிறார்கள். புல்தரையில் நிற்கும் ஹஸ்கிகளைத் தேடிப் போட்டேன், பனியில் நிற்கும் லாப்ரடார் இரண்டையும் சேர்த்தேன்.

பத்து வயதுப் பையன் ஒருவன் ஒன்பது எடுத்தான். நாய்ப் பைத்தியம் போல என்று சந்தோஷப்பட்டேன். "இல்லண்ணா, நிறைய தடவ மொத பட்டன்தான் கரெக்டா இருக்கு" என்றான். விடைகளைக் கலைக்க, வரிசைப்படுத்தும் கட்டளைக்குள் தற்செயல் எண்ணைச் செருகும் குறுக்குவழியை எழுதியிருந்தேன். அது சமமாகக் கலைக்காது. பட்டியலில் முதலில் இருந்த சரியான விடை முதலிடத்திலேயே அதிகம் தங்கிவிட்டது. எல்லா வரிசைக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் கலைக்கும் ஃபிஷர்-யேட்ஸ் முறைக்கு மாற்றினேன், ஐந்து வரி நிரல்தான். அவனுக்கு அடுத்த முறை ஆறு. இருந்தும் விடாமல் மூன்று ஆட்டம் ஆடினான்.

நாய்க் கண்காட்சிக்குப் போனது பெரும்பாலும் வீண் அலைச்சல். நாய் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்களே என்று ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போனேன். முன்பே கேட்டுச் சரி என்று சொல்லியிருந்த அமைப்பாளர்கள், நேரில் போனதும் யார் அனுமதித்தது என்று கேட்டு மேசை போட விடவில்லை. கூட்டத்தில் இணைய இணைப்பும் இல்லை, படங்கள் பாதியில் நின்றன. எங்காவது போய்ச் சோதிப்பதாக இருந்தால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், படங்களை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். ஆனாலும் அங்கே ஒருவரைச் சந்தித்தேன். ஓரமாக நின்று என் போனில் பத்துக் கேள்விக்கும் பதில் சொன்னார். ஏழாவதில் நிறுத்தி, "நீலக் கண்ணோட மாலமூட்டா? இனம் எப்படி இருக்கணும்னு சொல்ற தரவரையறையில நீலக் கண் இருந்தா மாலமூட்டத் தள்ளிடுவாங்க. இது ஹஸ்கி" என்றார். படம் எடுத்தவர் போட்ட பெயரை நான் அப்படியே நம்பியிருந்தேன். யாருடைய பட்டியலைப் பின்பற்றுகிறாய் என்று அவர் கேட்டதும் நல்ல கேள்வி. பெல்ஜியன் ஷெப்பர்டை சர்வதேச நாய் இன அமைப்பான எஃப்சிஐ ஒரே இனத்தின் நான்கு வகை என்கிறது, அமெரிக்கன் கென்னல் கிளப் தனித்தனி இனங்களாகப் பிரிக்கிறது. இப்போது முகப்பிலேயே எஃப்சிஐ பட்டியல் என்று எழுதியிருக்கிறேன்.

பச்சை சரி, சிவப்பு தவறு என்று மட்டும் காட்டியதை நிறக்குறைபாடு உள்ள ஒரு நண்பர் சொல்லி மாற்றினேன். இப்போது டிக் குறியும் பெருக்கல் குறியும் சேர்ந்து வரும். நேரக் கடிகாரத்தை எடுத்துவிட்டேன், யாரும் தேடவில்லை.

ஜோடிகளைத் திரும்பச் சேர்த்த வடிவத்தை முதலில் அந்த அக்காவுக்குத்தான் கொண்டுபோனேன். அதே போன், அதே பெரிய எழுத்து. நார்ஃபோக் வந்தது, மடிந்த காதோடு முழுதாக. "காது விழுந்திருக்கு பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சரியாகத் தொட்டார். ஒன்பது எடுத்தார். தவறிய ஒன்று விப்பெட். "அதுல எதைப் பார்க்கணும், சொல்லு" என்று போனை என் பக்கம் திருப்பினார்.