விழுந்தால் எங்கே போய் நிற்கும்? நியூசிலாந்து மலையில் தனியாக ஒரு வேட்டை, கைடோடு ஒரு வேட்டை

நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் கிறைஸ்ட்சர்ச் வந்து சேர்ந்தேன். இடது முழங்காலில் ஏறிய ஸ்பியர்கிராஸ் முள் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒரு வரையாட்டின் இரண்டு பின்னந்தொடை. வங்கிக் கணக்கில் 1,955 நியூசிலாந்து டாலர் குறைவு. மே மாதம் தனியாகப் போனேன், இந்த வாரம் கைடு வைத்துப் போனேன். இரண்டையும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வரையாடு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பதறும். எனக்கும் பதறியது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பாறை மேல் நிற்கும் வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம் நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதை வேட்டையாடினால் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்தான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இங்கே இருப்பது வேறு ஆடு, இமயமலை வரையாடு. இரண்டையும் ரொம்ப காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்து நம்முடையதைத் தனியாகப் பிரித்தார்கள். இந்த இமயமலை ஆட்டை 1904-ல் பெட்ஃபோர்ட் டியூக் இங்கிலாந்திலிருந்து அனுப்பி, மவுன்ட் குக் பக்கம் அவிழ்த்துவிட்டார்கள். வௌவால்களைத் தவிர தரையில் சொந்தப் பாலூட்டியே இல்லாத நாடு இது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. ஆடு பெருகி, மலை உச்சியில் மட்டும் வளரும் செடிகளை மொட்டையடித்தது. அதனால் 1993-ல் ஒரு திட்டம் போட்டு, மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் வேட்டை அனுமதி இலவசம். ஒரு ஊரில் கும்பிடும் ஆடு இன்னொரு ஊரில் களை. அம்மாவுக்கு இதைப் போனில் விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

சரி, மே மாதக் கதைக்கு வருகிறேன்.

அனுமதி இலவசம் என்றதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருக்கிறது, 308 ரைஃபிள் இருக்கிறது, ரேஞ்சில் இருநூறு மீட்டரில் நன்றாகவே சுடுவேன். கைடுக்கு எதற்குக் காசு? அப்போது ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டிருந்தேன், அந்த எரிச்சல் வேறு. போனில் பேசும்போது நாளுக்கு 650 டாலர் என்றார்கள். மெயிலைத் திறந்தால் கிடா கிடைத்தால் கொம்புக் கட்டணம் 4,500, ஹெலிகாப்டர் 1,200, எல்லாவற்றுக்கும் மேல் 15 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்று நாளுக்குக் கூட்டிப் பார்த்தால் 8,800 டாலரைத் தொடுகிறது. அதிலும் ஒரு நிபந்தனை: ஆடு காயம்பட்டுத் தப்பினாலும் கட்டணம் உண்டு. அந்த நிபந்தனை அன்று அநியாயமாகத் தெரிந்தது. இன்று அந்த ஒரு நிபந்தனை மட்டும் நியாயம் என்கிறேன். மற்றதெல்லாம் இன்றும் கொள்ளைதான். போனிலேயே முழுத் தொகையைச் சொல்லாதவர்களிடம் போகாதீர்கள்.

தனியாகப் போனதில் மொத்தச் செலவு முந்நூறு டாலருக்குள். பெட்ரோல், சாப்பாடு, ஆபத்தில் சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவிக்கு வாடகை, அவ்வளவுதான். ஃபேர்லியில் நிறுத்தி சூடாக ஒரு பன்றிக்கறி பை (pie, மாவு ஓட்டுக்குள் கறி வைத்துச் சுட்டது) சாப்பிட்டேன். மேல் ஓடு நொறுங்கி சட்டையெல்லாம் கொட்டியது, இன்னொன்று வாங்கி வழிக்குக் கட்டிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாத ஒரே விஷயம் அந்த பைதான்.

ஓஹாவ் ஏரியைத் தாண்டி ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கு. சாலை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு ரெட் ஹட் என்ற மலைக்குடிசை வரை நடை. ஆறு ஒரே ஓட்டமாக ஓடாது. சரளையில் பிரிந்து பிரிந்து, பின்னலைப் பிரித்துப் போட்ட மாதிரி ஓடும். முழங்கால் அளவுதான் தெரியும், இறங்கினால் தொடை வரை இழுக்கும். பனிமலையில் மழை பெய்தால் காலையில் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாது. இந்த நாட்டில் மலையேறப் போகிறவர்கள் சாகும் காரணங்களில் ஆற்றைக் கடப்பது முக்கியமானது. தனியாகப் போனால் கை கோத்துக் கடக்க ஆள் இல்லை. இதைக் கடந்த பிறகு யோசித்தேன், கடக்கும் முன் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் பைனாகுலரில் பதினான்கு ஆடுகள். காட்டு மரங்கள் முடிந்து பொன்னிறப் புல் தொடங்கும் இடத்துக்கு மேலே, வெயில் காய்ந்துகொண்டு. நேராகக் கீழிருந்து ஏறினேன். இரண்டு மணி நேரம். வழியெல்லாம் மடகூரி முள், அதற்கு மேல் ஸ்பியர்கிராஸ். பார்த்தால் கற்றாழை மாதிரி அழகாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு இலையின் நுனியும் கோணி ஊசி. சரிவில் வெயில் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் பின்கழுத்தில் சில்லென்று ஒரு காற்று. அவ்வளவுதான். தலை தூக்கி என் பக்கம் பார்த்தன, அடுத்த நிமிடம் மலை காலியாக இருந்தது. அதிகாலையில் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் கீழிருந்து மேலே ஏறும். என் வாசனையை நானே அவற்றுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். அன்று மாலை ஹட்டுக்குத் திரும்பினால் கியா கிளிகள் இரண்டு, வெளியே காயப்போட்டிருந்த பையின் வாரைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சைத் திண்ணையெல்லாம் பரப்பியிருந்தன.

மூன்றாம் நாள் நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கிடா ஒரு பாறை விளிம்பில் நின்றது. 220 மீட்டர். குளிர்கால ரோமம் முழுதாக வந்து, கழுத்திலிருந்து முன்னங்கால் முட்டி வரை வைக்கோல் நிறத்தில் பிடரி தொங்க, காற்றில் அது அலை அலையாகப் புரண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான மிருகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. படுத்து, பையின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, மூச்சை விட்டு, சுட்டேன். நல்ல அடி. ஒரு எட்டு முன்னால் வைத்தது, அப்புறம் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

கல் உருளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பைனாகுலரில் பார்த்தால் நூறு மீட்டருக்குக் கீழே ஒரு குறுகலான பள்ளத்தில் கிடந்தது. அசைவில்லை. இறங்க இரண்டு பக்கமும் முயன்றேன். பள்ளத்தில் வெயில் படாமல் கண்ணாடி மாதிரி ஐஸ். ஐஸில் பிடிக்க ஷூவில் மாட்டும் ஆணிப்பட்டை இல்லை, கயிறு இல்லை, கூட ஆள் இல்லை. இரண்டரை மணி நேரம் போராடி, ஒரு தடவை கால் வழுக்கிப் புல்லைப் பிடித்துத் தொங்கி, அப்புறம் புத்தி வந்து திரும்பினேன். கறி போச்சு, கொம்பு போச்சு. அது பெரிதில்லை. ஒரு உயிரை எடுத்து ஒன்றுக்கும் உதவாமல் விட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு ஹட்டில் பாதாம் பருப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நான்காம் நாள் வேட்டை இருந்தும் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

கைடு தேடியது இதனால்தான். ஆடு கிடைக்காததால் இல்லை. ஆடு எனக்கே கிடைத்தது.

இந்த முறை விசாரித்துப் போனேன். அரசு நிலத்தில் கூலிக்கு வேட்டைக்குக் கூட்டிப் போக வேண்டுமானால் கைடு இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் தனி உரிமம் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொன்னேன், காட்டினார். வேலி போட்ட பண்ணையில் வளர்த்த பெரிய கொம்பு மானைச் சுடவைக்கும் வியாபாரமும் இங்கே உண்டு. பேசிய விலைக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை வேட்டை என்று நான் சொல்லமாட்டேன். எனக்குக் கிடைத்தவர் அறுபது வயதுக்காரர், இரண்டு நாளுக்கு 1,700, ஜிஎஸ்டியோடு 1,955. ஹெலிகாப்டர் கிடையாது, கொம்புக் கட்டணம் கிடையாது. கைடு எதற்கு என்று முதல் போனிலேயே கேட்டார். மே மாதம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படியானால் சுடுவதைப் பற்றிக் கவலைப்படாதே, பார்ப்பதைக் கற்றுக்கொள்ளலாம்" என்றார்.

மவுன்ட் சோமர்ஸில் ஏற்றிக்கொண்டு ரங்கிடாட்டா ஆற்றின் தலைப்பகுதிக்குப் போனோம். முதல் நாள் முழுக்க ஏறவே விடவில்லை. ஒரு கல்லில் உட்காரவைத்து, பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நான் ஒரு மணி நேரத்தில் ஆறு ஆடு எண்ணினேன். அவர் அதே இடத்தில் இருபத்தொன்று காட்டினார். "ஆட்டைத் தேடாதே, மலையில் சேராத ஒரு கோட்டைத் தேடு" என்றார். பாறை நிழலில் ஒரு முதுகு வளைவு, புல்லில் ஒரு காதின் முனை. கண் பழகியதும் மலை நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு ஆட்டுக்கும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அது விழுந்தால் எங்கே போய் நிற்கும்? விரலால் காட்டு." காட்ட முடியாவிட்டால் அந்த ஆடு இல்லாத மாதிரி.

இரண்டாம் நாள் இருட்டிலேயே கிளம்பி ஒரு சரளைச் சரிவின் ஓரமாக மேலே ஏறிவிட்டோம். வரையாடு ஆபத்தைக் கீழேதான் தேடும், தலைக்கு மேல் பார்ப்பது குறைவு. வெயில் வந்து காற்று மேலே திரும்பும்போது நாங்கள் அவற்றுக்கு மேலே இருந்தோம். ஒன்பதரை மணிக்கு ஒரு கிடா வந்து நின்றது. மே மாதத்தில் சுட்டதைவிடப் பெரியது. 150 மீட்டர். கீழே செங்குத்துப் பாறை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டே முக்கால் மணி நேரம் அது அங்கேயே நின்றது, படுத்தது, எழுந்தது. விரல் துடித்தது என்பதை மறைக்கவில்லை. பனியில் வயிறு மரத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் அது பாறைக்குள் நடந்து மறைந்தது. இரண்டு நாளில் எனக்கு நன்றாகப் பிடித்த நேரம் அதுதான்.

பகல் ஒன்றரைக்கு, புல் படுக்கை மாதிரி ஒரு மேடையில் குட்டி இல்லாத பெட்டை ஒன்று. கொம்புக்காக எல்லோரும் கிடாவையே சுட்டால் எண்ணிக்கை குறையாது, பெட்டையைச் சுடுங்கள் என்று அந்தத் துறையே கேட்டுக்கொள்கிறது. அவர் கேட்பதற்கு முன் நானே விரலால் காட்டினேன்: இங்கே விழும், அந்தப் புல்லில் நிற்கும். 180 மீட்டர். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. பக்கத்தில் போனபோது ரோமம் இன்னும் சூடாக இருந்தது, கஸ்தூரி மாதிரி ஒரு நெடி. கொம்பில் வருட வளையங்களை அவர் நகத்தால் எண்ணினார். ஆறு. தொடை இரண்டும் முதுகுக்கறியும் என் பையில், நல்ல கனம். இறங்கும்போதுதான் அந்த முள் ஏறியது.

சரி, எது நல்லது என்று கேட்பீர்கள். முதல் தடவை போகிறவர் தனியாகப் போகவே போகாதீர்கள். உங்கள் உயிர் உங்கள் பாடு என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் தப்புக்கு விலை கொடுப்பது ஆடு. இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: லைசென்ஸ் இல்லாதவர், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து கவனித்தால் இங்கே சுடலாம். அதனால் கைடு இருந்தால் காகித வேலையும் குறையும். இரண்டு நாள் போதும், ஐந்து நாள் பேக்கேஜ் தேவையில்லை. காசு ஆடு கண்டுபிடிப்பதற்கு என்று நினைத்தால் 1,955 டாலர் அதிகம். சுடாமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்கு என்றால் எனக்கு அது குறைவு. ஆனால் வருடா வருடம் கைடோடு போகப்போவதில்லை, அந்தக் காசும் என்னிடம் இல்லை. அடுத்த முறை துணைக்கு ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போவேன், ஆற்றில் கை கோக்கவாவது.

தொடைக்கறி நாளைக்குக் குக்கரில் ஏறுகிறது. மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து, நம் ஆட்டுக்கறிக் குழம்பு மாதிரியே. இரண்டு விசில் கூட வைக்க வேண்டும் என்கிறார்கள்.

ஹாப்கின்ஸில் அந்தப் பள்ளத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறேன். ஜனவரியில் ஐஸ் உருகியிருக்கும். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, அந்த நண்பனோடு, கயிறு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.