‘குறும்படம் போடுங்க’ என்று கேட்பதற்கு முன்னால்

2017-க்குப் பிறகு ‘குறும்படம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டாவது அர்த்தம் ஒன்று வந்துவிட்டது. பிக் பாஸ் முதல் சீசனில், யார் சொல்வது பொய் என்று காட்ட கமல்ஹாசன் திரையில் ஓடவிட்ட பழைய காட்சித் துண்டுக்கு அந்தப் பெயர். இன்று புருஷன் பெண்டாட்டி சண்டையில்கூட “குறும்படம் போடவா?” என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறும்படமும் ஒரு எடிட்டர் வெட்டி ஒட்டியதுதான்.

ரியாலிட்டி ஷோ உசத்தியா, சீரியல் உசத்தியா என்ற சண்டையில் பெரும்பாலும் இந்த இடம்தான் விட்டுப்போகிறது. சீரியலுக்குக் கதை முதலில், படப்பிடிப்பு பிறகு. ரியாலிட்டி ஷோவுக்குப் படப்பிடிப்பு முதலில், கதை பிறகு. இரண்டிலும் கதை உண்டு. எழுதும் மேசைதான் வேறு.

கணக்குப் போட்டால் புரியும். முதல் சீசனுக்கு 30 கேமரா, 100 நாள் என்று விளம்பரம் செய்தார்கள். 30 கேமரா 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 720 மணி நேரப் பதிவு. தூங்கும் நேரம், காலி அறை, ஒரே பேச்சை நாலு கோணத்தில் எடுத்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் முப்பது, நாற்பது மணி நேரப் பேச்சு மிஞ்சும். ஒளிபரப்புக்குக் கிடைப்பது ஒரு மணி நேர ஸ்லாட். விளம்பரத்துக்கும் சேனலின் சொந்த அறிவிப்புக்கும் மணிக்கு 12 நிமிடம் என்பது விதி, மிச்சம் 48. முந்தைய நாள் சுருக்கத்தையும் கழித்தால் முக்கால் மணி நேரம் தேறும். முப்பது மணி நேரத்தை முக்கால் மணி நேரமாக்குபவர் கையில் ஒருவரை நல்லவராகவும் காட்டலாம், நச்சுப் பிடித்தவராகவும் காட்டலாம். ஒரு வார்த்தைகூடப் பொய்யாகச் சேர்க்க வேண்டியதில்லை.

எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் பேசும்போது, வாக்கியத்தின் நடுவில் அவர் முகத்தை விட்டுக் கேமரா வேறு முகத்துக்குப் போகிறதா? அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்னணியில் ஏசி இரைச்சல் சட்டென்று மாறும். அல்லது வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இறங்காமல் தொங்கும். அது இரண்டு பேச்சுகளின் ஒட்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இந்த ஒட்டு வேலை எளிது. “அவளை எனக்குப் பிடிக்கும்னு நான் சொல்லல” என்பதில் ‘பிடிக்கும்’ என்பதற்குப் பிறகு வருவதை நறுக்கினால் போதும், அர்த்தம் தலைகீழ்.

அடுத்தது ரியாக்‌ஷன் ஷாட். ஒருவர் திட்டுகிறார், எதிரே இருப்பவர் கண்ணை உருட்டுகிறார். அந்த உருட்டல் எப்போது நடந்தது? உடையை மட்டும் பார்த்துப் பயனில்லை, பல மணி நேரம் ஒரே உடையில்தான் இருப்பார்கள். கையிலிருக்கும் காபி டம்ளர், காலரில் மாட்டிய மைக்கின் சாய்வு, தலைமுடி ஈரம், ஜன்னல் பக்கம் வெளிச்சம் இவற்றைப் பாருங்கள். கூடவே, இருவரும் ஒரே ஃப்ரேமில் ஒருமுறையாவது தெரிகிறார்களா என்று பார்க்க வேண்டும். தெரியவே இல்லையென்றால் அந்த உருட்டலுக்கும் அந்தத் திட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று என்று வரும் ப்ரோமோக்களில் பல இந்த வகை ஒட்டுதான். ராத்திரி எபிசோடைப் பார்த்தால் அந்தப் பதில் வேறொரு கேள்விக்கு வந்திருக்கும்.

அப்படியானால் சீரியல் மேலா? அங்கே நெருக்கடி வேறு மாதிரி. தினம் ஒரு எபிசோடு போக வேண்டும், 20 நிமிடத்துக்கு மேல் ஃபுட்டேஜ் தினம் தேற வேண்டும். அதனால்தான் ஒரே அதிர்ச்சியை ஆறு பேர் முகத்தில் மூன்று மூன்று முறை ஜூம் போட்டு, ‘டொய்ங்’ என்று இசையடித்துக் காட்டுகிறார்கள். அது ரசனைக் குறைவு மட்டுமில்லை, நிமிடம் நிரப்பும் உத்தி. ரேட்டிங் சரிந்தால் கதாநாயகிக்கு நினைவு தவறும், ஏறினால் கல்யாணம் இன்னும் நாற்பது எபிசோடு தள்ளிப்போகும். ஆனாலும் சீரியலுக்கு ஒரு நேர்மை உண்டு: இது கற்பனை என்று முதலிலேயே கார்டு போட்டுவிடுகிறது.

ரியாலிட்டி ஷோவை ‘மலிவான சரக்கு’ என்று திட்டுவதுண்டு. அமெரிக்காவில் ரியாலிட்டி வளர்ந்ததற்கு மலிவு ஒரு முக்கியக் காரணம். 1988-இல் அங்கே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் நடந்தது. எழுத்தாளரும் நடிகரும் தேவைப்படாத, போலீஸ்காரர்களோடு கேமராவும் கூடவே ஓடும் நிகழ்ச்சி 1989-இல் வந்தது. தமிழில் கணக்கு தலைகீழ். இங்கே ஒரு வீட்டு செட்டில் வருஷக்கணக்கில் ஓடும் சீரியல்தான் மலிவு. நட்சத்திரத் தொகுப்பாளர், பெரிய செட், இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்க்கும் குழு என்று பிக் பாஸ் மாதிரியான ஷோவுக்குத்தான் காசு கரைகிறது. ‘மலிவான சரக்கு’ என்ற இறக்குமதித் திட்டு இங்கே பொருந்தாது. வேறு திட்டு தேடலாம்.

தரத்தைப் பொறுத்தவரை என் அளவுகோல் ஒன்றுதான்: எடிட்டரால் மாற்ற முடியாத ஏதாவது அந்த ஷோவில் இருக்கிறதா?

‘நீயா நானா’வில் இருக்கிறது. அங்கேயும் பல மணி நேரப் பேச்சைச் சுருக்குகிறார்கள், கோபப்படுபவர் பக்கம் கேமரா சாய்கிறது. ஆனால் ஒரு அம்மா மதுரைப் பேச்சில் மாமியாரைப் பற்றிச் சொல்லும் வாக்கியத்தை எந்த எடிட்டராலும் தயாரிக்க முடியாது. எல்லோரும் ஒரே பொதுத்தமிழ் பேசும் பல சீரியல்களில் அந்த வட்டார வழக்குக்கு இடம் குறைவு. தமிழ்த் தொலைக்காட்சியில் நிஜமான பேச்சுமொழி சேமிக்கப்பட்டிருப்பது இம்மாதிரி இடங்களில்தான்.

சமையல் போட்டி பாதிக் கிணறு. அடுப்பும் கடிகாரமும் பொய் சொல்லாது; அடி பிடித்தால் பிடித்ததுதான். ஆனால் சமைக்கக் கற்றுக்கொள்ள அதைப் பார்க்காதீர்கள். அளவு சொல்ல மாட்டார்கள், வதக்கும் பத்து நிமிடத்தை இரண்டு நொடியில் தாண்டுவார்கள். அதற்குப் பழைய பாணியில் ஒருவர் நின்றுகொண்டு “அரை டீஸ்பூன் மஞ்சள்தூள்” என்று சொல்லும் அரை மணி நேரம்தான் சரி. ‘குக்கு வித் கோமாளி’ இதில் புத்திசாலி: சமையல் சாக்கு, கூத்துதான் சரக்கு என்பதை மறைக்கவே இல்லை.

பாட்டுப் போட்டிதான் சிக்கலானது. பாடுவது நிஜம், கேட்பது நிஜமா? குரல், தபேலா, கீபோர்டு எல்லாம் தனித்தனி டிராக்கில் பதிவாகும். ஒளிபரப்புக்கு முன் மிக்ஸிங் நடக்கும். நினைத்தால் ஸ்ருதியையும் அப்போது மென்பொருள் வைத்துத் திருத்தலாம். திருத்தினால் மாட்டிக்கொள்ளும் இடம் கமகம். அந்த மென்பொருளை முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் குரலை அருகிலுள்ள ஸ்வரத்துக்கு இழுத்து நிறுத்தும். கமகமோ ஸ்வரங்களுக்கு நடுவில் வழுக்கிப் போவது. வழுக்கல் மாடிப்படி மாதிரி ‘தக் தக்’ என்று கேட்டால் சந்தேகப்படலாம். நீட்டிப் பிடிக்கும் கடைசி ஸ்வரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் அசையாமல் நின்றாலும் அப்படித்தான். அது பாடகரின் தப்பு இல்லை, அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நேரலையாக வரும் இறுதிச்சுற்றில் உட்கார்ந்து திருத்த நேரம் கிடையாது. அதே போட்டியாளர் அதே பாட்டை முன்பு ஒரு சுற்றில் பாடியிருந்தால், இரண்டு வீடியோவையும் ஹெட்போன் மாட்டி அடுத்தடுத்து கேளுங்கள். சரணத்தில் ஸ்ருதியும் கமகமும் இரண்டிலும் ஒரே மாதிரி நின்றால் அந்தப் போட்டியாளருக்கு வோட்டுப் போடலாம்.