ஏஆர் காலிங்ல சேர்ந்து இங்கிலீஷ்ல தேதி சொல்லக் கத்துக்கிட்ட கதை

ஏஆர் (அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள், அதாவது வரவேண்டிய பாக்கி) காலிங் வேலைக்கு புதுசா சேரப்போறவங்களுக்காக இதை எழுதறேன், அதுவும் என்னை மாதிரி பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு. வேலை என்னன்னா, அமெரிக்கா டாக்டருங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பின பில்லுக்கு ஏன் இன்னும் காசு வரலைன்னு நைட் ஷிப்ட்ல உக்காந்து போன் போட்டு கேக்கறது. அந்தப் பக்கம் எடுத்ததுமே மெம்பர் ஐடி, பேஷண்ட் பேரு, டேட் ஆஃப் பர்த், டேட் ஆஃப் சர்வீஸ் (வைத்தியம் பாத்த தேதி)னு வரிசையா கேப்பாங்க, பேச்சு முடியறதுக்குள்ள கிளெய்ம், அதாவது அந்த பில்லு, அவங்க கைக்கு வந்த தேதி, பிராசஸ் ஆன தேதி, செக் போட்ட தேதின்னு இன்னும் நாலு தேதி வந்துரும். இலக்கணம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் சமாளிச்சிரலாம், தேதி மட்டும் சுத்தமா இருக்கணும்.

நம்ம ஊர்ல 05.03.1998னு எழுதிட்டு அஞ்சு மூணு தொண்ணூத்தெட்டுன்னு சொல்லிப் பழகிட்டோம். அதையே ஃபைவ் த்ரீ நைன்ட்டி எய்ட்டுன்னு சொன்னா அமெரிக்காக்காரங்க காதுல அது மே 3, ஏன்னா அங்க மாசம் தான் முதல்ல வரும். நாள் 12க்கு மேல போயிட்டா குழப்பமே இல்ல, பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே. ஆனா 12 வரைக்கும் இருக்கற தேதியெல்லாம் ரெண்டு விதமாவும் படிக்கலாம், 1/1, 2/2 மாதிரி ஒண்ணா இருக்கற 12 நாளை கழிச்சாலும் வருஷத்துல 132 நாள் இப்படி மாறிப்போக வழி இருக்கு. எங்க டிரெயினர் அக்கா திரும்பத் திரும்ப சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், "மாசத்துக்குத் தான் பேர் இருக்குல்லப்பா, அப்புறம் ஏன் அதை நம்பரா சொல்ற?" அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவோ உதவியிருக்கு.

மாசம் வந்தாச்சு, அடுத்தது நாள். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு எல்லாம் தெரியும், ஆனா வாய் மாட்டறது ஃபிஃப்த், சிக்ஸ்த், ட்வெல்ஃப்த் மூணுலயும் தான். ட்வெல்ஃப்த்துக்கு மேல்பல்லு கீழ்உதட்டைத் தொட்டு ஒரு காத்து விட்டுட்டு உடனே நாக்கு நுனி பல்லுக்கு நடுவுல வரணும், மெதுவா பிரிச்சு சொல்லிப் பாத்தா தான் பிடிபடும். தர்ட்டீன்த், தர்ட்டியத் ரெண்டும் போன்ல ஒரே மாதிரி கேக்கும், அதனால 13க்கு பின்பாதியை அழுத்தி இழுக்கணும், 30க்கு முன்பாதியை அழுத்தணும். 21, 22, 23, 31க்கு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு திரும்ப வரும், 11, 12, 13க்கு வராது. எழுதும்போது நைன்த்ல ஈ எழுத்து கிடையாது, நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்களே போட்டு வைப்பாங்க.

பிராக்டீஸுக்கு எங்க வீட்டு தினசரி காலண்டர் போதும். காலைல தாள் கிழிக்கும்போது அன்னைக்கு தேதியை ரெண்டு விதமாவும் சத்தமா சொல்லுவேன், மார்ச் ஃபிஃப்த்னு அமெரிக்கா மாதிரி, த ஃபிஃப்த் ஆஃப் மார்ச்னு பிரிட்டிஷ் மாதிரி. பிரிட்டிஷ்ல அந்த த, ஆஃப் ரெண்டும் பேச்சுல மட்டும் தான், எழுத்துல 5 மார்ச் 1998னு கமா இல்லாம முடிஞ்சிரும், அமெரிக்காவுல மார்ச் 5க்கு அப்புறம் கமா போட்டு வருஷம். அவங்களே சுதந்திர தினத்தை மட்டும் ஃபோர்த் ஆஃப் ஜூலைன்னு தான் சொல்லுவாங்க.

வருஷத்தை ரெண்டு ரெண்டா பிரிக்கணும். மெடிகேர்ங்கற அமெரிக்க அரசோட மருத்துவ இன்சூரன்ஸ் பெரும்பாலும் 65 வயசு தாண்டினவங்களுக்குங்கறதால நைன்டீன் தர்ட்டி எய்ட், நைன்டீன் ஃபார்ட்டி செவன்னு தான் தினமும் வரும். 2005ஐ டூ தௌசண்ட் ஃபைவ்னும், 2024ஐ ட்வென்டி ட்வென்டி ஃபோர்னும் சொல்லுவாங்க. சில பேர் ஓ த்ரீ ஓ ஃபைவ்னு நம்பராவே கடகடன்னு அடிப்பாங்க, அப்ப முதல் நம்பரை மாசமா எடுத்துக்கிட்டு மார்ச் ஃபிஃப்த், ரைட்? அப்படின்னு திருப்பிக் கேட்டுரணும், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

இவ்வளவு கவனம் எதுக்குன்னா, மெடிகேர் கிளெய்மை சர்வீஸ் தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பியாகணும். 03/05ஐ நம்ம பழக்கத்துல மே 3ன்னு படிச்சா இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு ஃபைலை ஓரமா வெச்சிருவோம், கெடு மார்ச்லயே முடிஞ்சிருக்கும், டாக்டருக்கு வரவேண்டிய காசு போச்சு.

எக்ஸெல்லயும் இதே ஆபத்து இருக்கு. நம்ம ஊர் செட்டிங்ல அமெரிக்கா ஷீட்டை பேஸ்ட் பண்ணா 03/25/2024 தேதியா மாறாம இடது பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்கும், கண்ணுக்குத் தெரிஞ்சிரும். 03/05/2024 தான் சத்தமில்லாம மே மாசமா மாறி வலது பக்கம் போய் உக்காந்துக்கும். ஒரே நெடுவரிசைல தேதிங்க ரெண்டு பக்கமும் சிதறி இருந்தா அந்த ஷீட்டை நம்பாதீங்க.

இன்டர்வியூல கண்டிப்பா உங்க டேட் ஆஃப் பர்த் கேப்பாங்க. மாசப் பேர், நாள், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் வருஷம், இந்த வரிசைல முந்தின நாள் ராத்திரியே நாலு தடவை வாய்விட்டு சொல்லிட்டுப் போங்க.